கிளட்ச் மிதித்தும் நகர்ந்த கார்

அன்றைக்கு அந்த இடத்தில் இருந்தது ஐந்து பேர். நான், லீவுக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர், என் மாமியார், எங்கள் காரில் கிளட்ச் வேலை பார்த்த மெக்கானிக் தம்பி, கோயில் பூசாரி. அவ்வளவுதான். ஆறாவதாக ஒருத்தர் அங்கே கிடையாது. போன வருஷம் ஆவணி மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, புதுக்கோட்டையிலிருந்து குன்றாண்டார்கோவில் போகிற வழியில் ரோட்டோரம் இருக்கிற ஒரு கருப்பர் கோயில் வாசலில் நடந்தது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதற்கப்புறம் எங்கள் தெருவில் பாதிப் பேர் பக்கத்திலேயே நின்று பார்த்த மாதிரி கதை சொன்னார்கள். "பயந்தாங்கொள்ளி கையில வண்டியக் குடுத்தா இப்பிடித்தான். பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சுட்டா." இந்தப் பேச்சு என் காதுக்கு வந்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. நான் ஆக்சிலேட்டரை மிதிக்கவே இல்லை. என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன், நீங்களே கேளுங்கள்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். கல்யாணமாகிப் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்துக்கு வந்தேன். வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை. ஒரு தடவை லீவில் வந்தபோது பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டார். போட்ட டிரைவர் ஒழுங்காக வரவில்லை. அப்புறம் நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன். மஞ்சள் போர்டு, லைசென்ஸ், எல்லாம் முறையாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்கள், பிரசவத்துக்குத் தேதி குறித்தவர்கள், கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற டீச்சர்கள், இவர்கள்தான் என் சவாரி. பெண் ஓட்டுகிறாள், மெதுவாகப் போவாள் என்று நம்பி ஏறுகிறவர்கள். அந்த நம்பிக்கைதான் என் பிழைப்பு.

எனக்குப் பயம் அதிகம் என்பது உண்மைதான், மறைக்கவில்லை. கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறேன். காரைப் பூட்டிவிட்டு நாலு கதவையும் இழுத்துப் பார்ப்பேன். என் மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார், "இவளுக்கு ஃபேன் சுத்துனாலே தலையில கழண்டு விழுந்துருமோன்னு பயம். இவளத்தான் எம் மகன் டிரைவராக்கி வச்சிருக்கான்" என்று. நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவேன். பயப்படுகிறவள் ஓட்டுகிற வண்டி இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் வாங்கவில்லை என்பதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

கார் பழசாக ஆக, கிளட்ச் கல்லாகிவிட்டது. கீழ ராஜ வீதியில் நெரிசலில் மாட்டினால் மிதித்து மிதித்து இடது முழங்கால் தனியாகக் கழன்று போகிற மாதிரி வலிக்கும். ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பேன். வீட்டுக்காரர் லீவில் வந்து ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள இது, செக்கு மாதிரி இருக்கு. இத வச்சா இத்தன நாளு ஓட்டுன?" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. சரி, மனுஷன் நம்ம வலியைப் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன்.

அப்புறம் செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். கிளட்ச்சைப் பூ மாதிரி ஆக்குவது எப்படி என்று ஆளாளுக்கு ஒன்று காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, பைக்குக்கும் காருக்கும் லைட் மாற்றி, சைலன்சர் மாற்றிக் கொடுக்கிற ஒரு மெக்கானிக் தம்பியிடம் கூட்டிப்போனார். கடை வாசலில் எப்போதும் பையன்கள் கூட்டம். அதைப் பார்த்தே வீட்டுக்காரருக்கு நம்பிக்கை.

விஷயம் இதுதான். நாம் மிதிக்கிற மிதி நேராகக் கிளட்ச்சைத் தொடுவதில்லை. மிதித்தால் மேலே ஒரு சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். ஆயில் குழாய் வழியாகக் கீழே போய் இன்னொரு சிலிண்டரைத் தள்ளும். அதுதான் கிளட்ச்சைப் பிரித்துவிடும். அந்த மேல் சிலிண்டரைக் கழற்றிவிட்டு வேறு வண்டியின் சின்ன சிலிண்டரைப் போடலாம், ரப்பர் குழாய்க்குப் பதிலாகக் கம்பி வலை சுற்றிய குழாய் போடலாம், மிதி வெண்ணெய் மாதிரி ஆகிவிடும் என்றார் அந்தத் தம்பி.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "ஏன் தம்பி, சின்னது போட்டா இவ்வளவு லேசாகும்னா கம்பெனிக்காரன் மொதல்லயே அதப் போட்டிருக்க மாட்டானா?"

அந்தத் தம்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் அந்தத் தம்பியைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். "அக்கா, கம்பெனிக்காரன் காசு மிச்சம் பண்ணுவான்க்கா. நீங்க ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க." வீட்டுக்காரர் என்னிடம், "நீ அங்கிட்டு நெழல்ல போயி உக்காரு, நாங்க பேசிக்கிறோம்" என்றார். நான் ஓட்டுகிற வண்டி. என் கால் மிதிக்கிற மிதி. நான் போய் நிழலில் உட்கார்ந்தேன்.

வேலை முடிந்து வண்டியை எடுத்தபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். பெருவிரலால் தள்ளினால் போதும் போல இருந்தது. "எப்பிடி?" என்று அவர் கேட்டபோது வாயெல்லாம் பல்லாகத்தான் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்து ரிவர்ஸ் போட்டபோதுதான் உள்ளே கர்ரென்று ஒரு சத்தம். மனசுக்குள் ஒரு சின்ன உறுத்தல். அடுத்த நாள் டவுனுக்குப் போனேன். சிக்னலில் கிளட்ச்சை மிதித்து ஃபர்ஸ்ட் கியரில் நிற்கும்போது பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தினால், யாரோ பின்னாலிருந்து மெல்லத் தள்ளுகிற மாதிரி வண்டி நகரப் பார்த்தது. காலையில் தெரியவில்லை. நன்றாக ஓடிச் சூடானபிறகு தெரிந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "புதுசு, செட்டாக ரெண்டு நாளாகும்" என்றார். இரண்டு நாள் கழித்தும் சொன்னேன். "ரோடு எறக்கமா இருந்திருக்கும்" என்றார். மாமியார் ஒரு படி மேலே போய், "அவன் பாவம், சம்பாரிச்ச காசப் போட்டு ஒனக்குன்னு செஞ்சு குடுத்தா, அதுலயும் ஒரு நொட்டமா?" என்றார். மூன்றாவது தடவை சொன்னபோது வீட்டுக்காரர் அலுத்துக்கொண்டு, "சரி, வெள்ளிக்கிழம கோயிலுக்குப் போறப்ப அவனையும் வரச் சொல்றேன். அவன் வாயால கேட்டாத்தான் ஒனக்கு அடங்கும்" என்றார்.

கோயிலுக்குப் போவது மாமியார் ஏற்பாடு. எங்கள் பக்கத்தில் வண்டியில் பெரிய வேலை ஏதாவது பார்த்தால் கருப்பர் கோயில் வாசலில் நிறுத்திப் பூசை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் மறுபடி சவாரிக்கு எடுப்போம். மகன் விமானம் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மாமியாருக்கு அவசரம்.

அன்றைக்குக் காலை அந்த மெக்கானிக் தம்பியும் எங்களோடு காரிலேயே வந்தார். வண்டியை எடுக்கும்போது ஆறிக் கிடந்ததால் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. "நல்லாத்தானக்கா இருக்கு. மனசுல பயத்த வச்சுக்கிட்டு ஓட்டாதீங்க" என்று பின்சீட்டில் உட்கார்ந்து எனக்கு அறிவுரை வேறு. கோயில் போய்ச் சேருவதற்குள் வண்டி நன்றாகச் சூடாகிவிட்டது.

பூசாரி மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினார். பின் டயர்களுக்கு அவரே பழம் வைத்துவிட்டார். முன் டயர்களுக்குத் தன் கையால்தான் வைப்பேன் என்று மாமியார் நின்றார். நான் எஞ்சினை ஓட விட்டு, நியூட்ரலில், பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"கியரப் போட்டு ரெடியா வச்சுக்க. பூசாரி சொன்னதும் ஒரே எடுப்பா எடுக்கணும். நடுவுல நின்னு ஆஃப் ஆச்சுன்னா சகுனத் தட" என்றார் வீட்டுக்காரர்.

"அத்த எந்திரிச்சு அங்கிட்டுப் போகட்டும்ங்க. அப்பறம் போடுறேன்" என்றேன்.

"கிளட்ச்ச மிதிச்சிருந்தா வண்டி எப்பிடிப் புள்ள போகும்? ராகுகாலம் வருது, போடு!"

அந்த மெக்கானிக் தம்பி பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை. பூசாரியும் சேர்ந்து, "போடு தாயி, நேரமாச்சு" என்றார். மூன்று ஆண்கள் சுற்றி நிற்கிறார்கள். கிளட்ச்சைத் தரையோடு ஒட்ட மிதித்து ஃபர்ஸ்ட் கியரைப் போட்டேன். கர்ரென்றுதான் விழுந்தது. "பிரேக்க விட்டுக் கால ஆக்சிலேட்டர் பக்கம் கொண்டு வா" என்றார் வீட்டுக்காரர். பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். ஆக்சிலேட்டர் பக்கம் கால் போகவே இல்லை. பிரேக்குக்கு மேலேயே அந்தரத்தில் வைத்திருந்தேன்.

மாமியார் என் பக்கத்து முன் டயருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். வைத்த பழம் உருண்டு போய்விட, அதை எடுத்துத் திரும்ப டயருக்கடியில் சொருகிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அவர் நரைத்த கொண்டைதான் தெரிந்தது.

வண்டி நகர்ந்தது.

அலறிக்கொண்டு பாயவில்லை. யாரோ நோகாமல் தள்ளுகிற மாதிரி, சத்தமில்லாமல் நகர்ந்தது. அதுதான் கொடுமை. டயருக்கடியில் பழம் புளிச்சென்று வெடித்த சத்தமும் "ஆத்தாடி!" என்று மாமியார் போட்ட சத்தமும் ஒன்றாகக் கேட்டன. நான் பிரேக்கில் ஏறி நின்றேன். வண்டி தூக்கிப்போட்டு எஞ்சின் நின்றது.

கதவைத் திறந்து குதித்தேன். மாமியார் பக்கவாட்டில் விழுந்து கிடந்தார். சேலை முந்தானை டயருக்கடியில் மாட்டியிருந்தது. பழம் வைத்த கையை இழுத்துவிட்டார். டயருக்கும் அந்தக் கைக்கும் நடுவே என் உள்ளங்கை அகலம்கூட இடைவெளி இல்லை. எழுந்திருக்க முடியாமல் சேலையை இழுத்துக்கொண்டு கிடந்தார்.

அவருக்குக் கை கொடுத்துத் தூக்குவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? என்னைப் பார்த்துக் கத்தியதுதான். "ஏன்டி ஆக்சிலேட்டர மிதிச்ச? எங்கம்மாவக் கொன்னுருப்பியேடி!"

பூசாரி, "வண்டியப் பின்னால எடுங்க, சேலைய விடுவிக்கணும்" என்றார். வீட்டுக்காரர் சாவியைப் பிடித்துத் திருகப் போனார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கையை நான் தட்டிவிட்டது அதுதான் முதல் தடவை. "யாரும் எஞ்சினத் தொடக் கூடாது. நியூட்ரல் பண்ணித் தள்ளுங்க" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மூன்று ஆண்களும் முன்னால் போய்க் கைவைத்துப் பின்னால் தள்ளினார்கள். நான் மாமியாரின் தோளைப் பிடித்துக்கொண்டேன். சேலை விடுபட்டது. முழங்கையில் சிராய்ப்பு, இடுப்பில் அடி. உயிருக்கு ஒன்றும் இல்லை.

அவரைக் கோயில் படியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னேன், "ஏறுங்க. நீங்க உக்காருங்க. நீங்களே தரையோட மிதிச்சுட்டு கியரப் போடுங்க. ஆக்சிலேட்டரத் தொடாதீங்க."

வண்டிக்கு முன்னால் யாரையும் நிற்க விடவில்லை. அவர் முறைத்துக்கொண்டே ஏறினார். ஸ்டார்ட் பண்ணினார். மிதித்தார். கியர் கர்ரென்று விழுந்தது. பிரேக்கை விட்டார். கார் அவரையும் சுமந்துகொண்டு மெல்ல நகர்ந்தது, நசுங்கிக் கிடந்த பழத்தின் மேலேயே ஏறிப் போய், அவர் பதறிப் பிரேக் போட்டதும் நின்றது.

அந்த மெக்கானிக் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார். "சின்ன சிலிண்டர் போட்டா மிதி லேசாகும்க்கா. ஆனா தள்ளுற ஆயிலு கொறையும். கீழ முழுசாப் பிரியாது. சூடாச்சுன்னா கொஞ்சம் இழுக்கும். அது தெரிஞ்சதுதான். அண்ணன்கிட்ட அன்னைக்கே சொன்னேனே. பழகிக்கிடலாம்னாரு."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். காரிலிருந்து இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார், "சொன்னா நீ பயப்படுவன்னுதான் புள்ள சொல்லல."

அதாவது, நான் நிழலில் உட்கார்ந்திருந்த நேரத்தில் இரண்டு பேரும் பேசி முடித்திருக்கிறார்கள். நான் மூன்று தடவை சொன்னபோதும், அது நிஜம் என்று தெரிந்துகொண்டே ரோடு இறக்கம், புதுசு என்று எனக்கே சொல்லியிருக்கிறார். அதற்கு முதல் நாள்தான், பூசை போடாத வண்டி என்றும் பார்க்காமல், அவசரத்துக்கு நிறைமாதக்காரி ஒருத்தியை அந்தக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரியில் இறக்கினேன். ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெண் என் காருக்கு முன்னால் நடந்து ரோட்டைக் கடந்தாள். வண்டி கியரில் நின்றிருந்தது. ஏதோ புத்தியில் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்கு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. கோயில் வாசல் என்றுகூடப் பார்க்கவில்லை. மெக்கானிக் தம்பியையும் விடவில்லை, வீட்டுக்காரரையும் விடவில்லை. வீட்டுக்காரர் நடுவில், "சரி விடு, அதான் ஒண்ணும் ஆகலல்ல" என்றார். அதற்கு நான் பதில் சொல்வதற்குள் படியில் உட்கார்ந்திருந்த மாமியார் சொன்னார்.

"ஏன்டா, அவ பயந்தாப் பயந்துட்டுப் போறா. கீழ உக்காந்திருந்தது நான்லடா!"

பூசாரி, மிச்சப் பூசையை முடித்துவிடலாமே என்று இழுத்தார். மாமியார் அவரை ஒரு பார்வை பார்த்தார், அவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நானும் மாமியாரும் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

டவுனில் வேறு ஒர்க்ஷாப்பில் விட்டேன். இந்த முறை நிழலில் உட்காரவில்லை, பக்கத்திலேயே நின்றேன். மிதி கல்லாக இருந்ததற்குக் காரணம் சிலிண்டரே இல்லையாம். கிளட்ச் செட்டே தேய்ந்து போயிருந்ததாம். அதை மாற்றி, பழைய அளவு சிலிண்டரைப் போட்டு, குழாயில் நின்ற காற்றை எடுத்துவிட்டதும் மிதி சாதாரணமாக ஆகிவிட்டது. பூவும் இல்லை, கல்லும் இல்லை. முழங்காலுக்குப் போதும். எங்கள் பழைய சிலிண்டரைக் கேட்டால், அந்த மெக்கானிக் தம்பி அதைக் காயலான் கடையில் போட்டுவிட்டாராம். புதுசு வாங்க வேண்டியதாயிற்று.

வீட்டுக்காரர் விமானம் ஏறிப் போய்விட்டார். போவதற்குள், அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், "லேசா கால் மாறிருச்சு போல" என்று அவர் சொன்னது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெருவில் ஓடிய கதை எங்கே பிறந்தது என்று அப்போதுதான் புரிந்தது. போனில் கேட்டேன். "எம் மேலதான் தப்புன்னு ஊருக்குச் சொல்லச் சொல்றியா?" என்றார். வழக்கமாக வந்துகொண்டிருந்த ஒரு டீச்சர், "வீட்ல வேண்டாங்கிறாங்கம்மா" என்று நின்றுவிட்டார். நானே போய் நடந்ததைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், திரும்ப வரவில்லை. என் மாமியார் மட்டும் இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "அங்க இருந்தியா நீ? நான் இருந்தேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிடுகிறார். என்னிடம் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இன்றைக்கும் எனக்குப் பயம் குறையவில்லை, குறைத்துக்கொள்வதாகவும் இல்லை. வண்டியில் ஒரு சத்தம் மாறினாலும் ஓரங்கட்டி இறங்கிப் பார்க்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நம்மைப் பயந்தவள் என்று முத்திரை குத்திவிட்டால், நம் உயிருக்கு வருகிற ஆபத்தைக்கூட நம்மிடம் சொல்லத் தேவையில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள் என்பதுதான் அன்றைக்கு எனக்கு விளங்கியது.

அந்த மெக்கானிக்கிடம், செய்த வேலைக்கு வாங்கிய காசையும் தொலைத்த சிலிண்டருக்கான காசையும் திருப்பிக் கேட்டேன். வீட்டுக்காரர், "அசிங்கமா இருக்கு, விட்டுரு, அந்தப் பணத்த நான் அனுப்புறேன்" என்கிறார். அவர் பணம் எனக்கு வேண்டாம். மாசம் பிறந்தால் அந்தக் கடைக்கு முன்னால் காரை நிறுத்தி, அங்கே நிற்கிற பையன்கள் காதில் விழுகிற மாதிரி, எதற்காக வந்திருக்கிறேன் என்று சத்தமாகச் சொல்லித்தான் கேட்கிறேன். ஐநூறும் ஆயிரமுமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் வரவேண்டியது இரண்டாயிரத்து எழுநூறு ரூபாய்.